திறக்காத 640 மின்னஞ்சல்களும் ஒரு கடைசித் தேதியும்

மின்பொறியியலில் பிஎச்டி செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சொந்த நாட்டை விட்டு வந்து, மாணவர் விசாவில் படிக்கிறார். பவர் எலக்ட்ரானிக்ஸில் ஆராய்ச்சி. மூன்றாம் ஆண்டு தொடங்கியிருக்கிறது. பாடங்களையும் எழுத்துத் தகுதித் தேர்வையும் முடித்துவிட்டார். ஆய்வுத் திட்டத்தை டாக்டோரல் கமிட்டி முன்னால் வைக்கும் புரபோசல் இந்த செமஸ்டருக்குள் நடந்தாகவேண்டும். இன்னும் 7 வாரம்தான் இருக்கிறது, ஒரு பக்கமும் எழுதவில்லை. ஆராய்ச்சி மாணவர் அலுவலகத்திலிருந்து வாராவாரம் வரும் அறிவிப்புகளை முதல் ஆண்டிலேயே ஒரு தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். இன்று அதில் திறக்காதவை 640. போன மாதம் அவருடைய பேப்பர் வெளிநாட்டுக் கான்ஃபரன்ஸ் ஒன்றில் ஏற்கப்பட்டது. பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்து 9 நாள் ஆகிவிட்டது என்று லேபில் கூடப் படிப்பவர் சொல்லித்தான் தெரிந்ததாம். அறிவிப்பு அந்த ஃபோல்டரில்தான் கிடந்திருக்கிறது. கைடின் ப்ராஜெக்ட் பணம் 5 மாதத்தில் தீர்ந்துவிடும் என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்திருக்கிறது. கைடைச் சந்திப்பது 6 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. மனநல ஆலோசகரிடம் போனால் விஷயம் கைடின் காதுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறார்.

"அந்த மின்னஞ்சல்கள் எல்லாம் நன்றாகச் செய்கிறவர்களுக்காக வருபவை. பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இதற்கு நான் லாயக்கில்லையோ? பேசாமல் விட்டுவிட்டுப் போய்விடலாமா? இல்லை, கைடை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

எழுத்துத் தேர்வில் தேறி, கான்ஃபரன்ஸில் ஒரு பேப்பர் ஏற்கப்பட்டு மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கும் ஒருவரை லாயக்கில்லாதவர் என்று எந்தக் கமிட்டியும் சொல்லாது. அந்த இரண்டையும் உங்கள் கடிதத்தின் நடுவில், ஏதோ போகிறபோக்கில் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். தவறவிட்ட உதவித்தொகைக்கோ ஒரு முழுப் பக்கம். இத்தனை நாளில் என்ன முடித்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

பயண உதவி கைவிட்டுப் போனதில் உங்கள் தவறு இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் அது சோம்பல் இல்லை. ஒன்றைத் திறக்காமல் விட்டால் அடுத்ததைத் திறக்கப் பயம் வரும். பத்து சேர்ந்தபிறகு, அதற்குள் என்னென்ன தேதி போயிருக்குமோ என்ற பயம் சேர்ந்துகொள்ளும். நூறு ஆனதும் அந்த ஃபோல்டரின் பெயரைப் பார்த்தாலே போதும், கை தானாக வேறு பக்கம் போய்விடும். ஆராய்ச்சி மாணவர்களோடு பேசுவதையே வேலையாகக் கொண்ட நான் இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இவர்களில் பலர் லேபில் இரவு பகலாக உழைப்பவர்கள்.

அந்த ஃபோல்டரை என்ன செய்வது

640-ஐயும் படிக்கவேண்டாம். இந்த செமஸ்டர் தொடங்கிய தேதிக்கு முன்னால் வந்தவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'பழையது' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் தேடி எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் முப்பதோ நாற்பதோதான் இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள். தனியாகச் செய்யவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

திறக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் தேடுங்கள். ஒன்று, தேதியும் விதியும்: பதிவு, புரபோசல், ஆய்வேடு சமர்ப்பிப்பு, படிவ மாற்றம். இன்னொன்று, பணம்: உதவித்தொகை, ஃபெலோஷிப், கற்பித்தல் உதவியாளர் வேலை, அவசர நிதி. இவற்றில் தேதி உள்ளவை உடனே நாட்காட்டிக்குப் போகட்டும், இரண்டு வாரம் முன்பே நினைவூட்டும்படி. பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு, போட்டி எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளிவிடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்த அறிவிப்பு நேராக இன்பாக்ஸுக்கே வரட்டும். வாரத்துக்கு பத்து நிமிடம் போதும்.

விதி மாறியதாக அறிவிப்பு கண்ணில் பட்டால் பதறவேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். புதிய விதி புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. உங்கள் இடத்தில் எப்படி என்பதைத் துறையின் பிஎச்டி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஒருங்கிணைப்பாளரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. "முக்கியமானது என்றால் கைடு சொல்லியிருப்பாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நீங்கள் தவறாக நினைத்துவிட்டீர்கள். கைடுக்கு ஆராய்ச்சி தெரியும். எந்தப் படிவம் எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தோடு போகவேண்டும் என்பது அவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். ஒருங்கிணைப்பாளருக்கும் ஆராய்ச்சி மாணவர் அலுவலகத்தில் மாணவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கும்தான் அது அத்துப்படி. உங்களைப்போல் தேதி தவறியவர்களை ஒவ்வொரு செமஸ்டரும் பார்ப்பவர்கள் அவர்கள். உங்கள் முதல் சந்திப்பு அவர்களோடு இருக்கட்டும்.

அவகாசம் கேட்பது

அவகாசம் கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்கிறீர்கள். கெடாது. தேதிக்கு முன்னால் கேட்பதற்கும் பின்னால் கேட்பதற்கும் நடுவில்தான் மலையளவு வித்தியாசம் இருக்கிறது. முன்னால் வந்தால் அது ஒரு சாதாரண விண்ணப்பம்; பெரும்பாலும் கைடும் ஒருங்கிணைப்பாளரும் கையெழுத்துப் போட்டதும் முடிந்துவிடும். தேதி தாண்டிவிட்டால் அதே கோரிக்கை விதிமீறலுக்கு விளக்கமாகிவிடுகிறது. சில இடங்களில் படிப்பில் எச்சரிக்கை நிலைக்குத் தள்ளுவார்கள், அது உதவித்தொகையையும் தொடும். உங்களுக்கு 7 வாரம் இருக்கிறது. அதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த செய்தி.

7 வாரத்தில் முடிக்கவே முடியாதா என்பதையும் முதலில் பாருங்கள். புரபோசல் என்பது ஆய்வேடு அல்ல. என்ன பிரச்சினை, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், முதல் முடிவுகள் என்ன, எப்போது முடியும், இவ்வளவுதான். ஏற்கப்பட்ட பேப்பரிலேயே இதில் பாதி இருக்கும். அதை எடுத்து விரித்து எழுதினால் ஒரு வரைவு வந்துவிடும். உங்கள் துறையில் முன்பு தேறியவர்களின் புரபோசல் இரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கமிட்டி எவ்வளவு எதிர்பார்க்கிறது என்று அதில் தெரியும். நீங்கள் பயப்படுவதைவிட அது குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுத உட்காருவதே சிரமமாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் எழுத்து உதவி மையத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். மொழி சரியில்லாதவர்களுக்கு என்று நினைத்து நல்ல மாணவர்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. அது எல்லோருக்குமானது.

அப்படியும் முடியாது என்று தெரிந்தால் கடிதத்தை இந்த அளவுக்கு எழுதினால் போதும்: "என் புரபோசலுக்கான கடைசித் தேதி இன்னது. எழுத்துத் தேர்வை முடித்திருக்கிறேன், ஒரு பேப்பர் ஏற்கப்பட்டிருக்கிறது. எழுதும் வேலை பின்தங்கிவிட்டது. அடுத்த செமஸ்டரின் நான்காம் வாரம்வரை அவகாசம் வேண்டுகிறேன். அதுவரைக்குமான வார அட்டவணையை இணைத்திருக்கிறேன்." மன்னிப்பு இரண்டு பத்தி வேண்டாம். உடல்நலக் காரணத்தை விவரிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மருத்துவக் காரணத்துக்காகவே கேட்பதாக இருந்தால் சான்றிதழை மாணவர் நல அலுவலகத்திடம் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் அவர்களே சரிபார்த்து, நோயின் பெயரைச் சொல்லாமல் துறைக்குத் தகவல் அனுப்புவார்கள்.

கான்ஃபரன்ஸ்

ஒரு தேதி போனதும் பயணமே போச்சு என்று முடிவு செய்துவிட்டீர்கள். பல்கலைக்கழகத்தின் உதவி ஒன்றுதான் போயிருக்கிறது. துறைக்குத் தனி நிதி இருக்கலாம், ஆராய்ச்சி மாணவர் சங்கத்துக்கு இருக்கலாம். கான்ஃபரன்ஸ் நடத்துபவர்களே மாணவர்களுக்குப் பயண உதவி வைத்திருப்பது உண்டு. சில இடங்களில் தன்னார்வலராக வேலை செய்தால் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐட்ரிபிள்இ (IEEE) போன்ற தொழில்முறை அமைப்புகளின் துறைவாரிச் சங்கங்களும் மாணவர் உறுப்பினர்களுக்குப் பயண உதவி தருகின்றன. கைடின் ப்ராஜெக்டிலேயே பயணத்துக்கென்று ஒரு தொகை இருக்கக்கூடும். பெரும்பாலான உதவிகள் பயணத்துக்கு முன்பே அனுமதி பெற்றிருந்தால்தான் கிடைக்கும். போய்விட்டு வந்து ரசீதை நீட்டினால் பலன் இருக்காது.

எந்தப் பணமும் கிடைக்கவில்லை என்றாலும் போகாமல் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஐட்ரிபிள்இ கான்ஃபரன்ஸ்களில், யாரும் வந்து வழங்காத பேப்பரை எக்ஸ்ப்ளோர் என்ற அதன் ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் சேர்க்காமல் விட அமைப்பாளர்களுக்கு உரிமை உண்டு. இணை ஆசிரியர் ஒருவர் வழங்கலாமா, இணையவழி வழங்க அனுமதி உண்டா என்று அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விசாவில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர என்னென்ன ஆவணம் வேண்டும் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது, முன்பின் கேள்விப்படாத கான்ஃபரன்ஸ்களும் இதழ்களும் "உங்கள் சிறந்த ஆய்வைப் படித்தோம்" என்று அழைத்த மின்னஞ்சல்களும் இன்பாக்ஸில் கிடப்பதைப் பார்ப்பீர்கள். தேதி போய்விட்ட வருத்தத்தில் அதில் ஒன்றுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நம்பகமான இடமா என்று கைடிடமோ நூலகரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நூலகர்கள் இதற்கு உதவக் காத்திருப்பவர்கள்.

5 மாதத்துக்கு அப்புறம் பணம்

இதில் நீங்கள் அறிந்தது காதில் விழுந்த பேச்சு மட்டும். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகத் தூங்காமல் இருக்கிறீர்கள். கைடிடம் நேராகக் கேளுங்கள்: "என் ஸ்டைபெண்ட் எந்த மாதம்வரை உறுதி? அதற்கப்புறம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? புதிய ப்ராஜெக்ட் வரவில்லை என்றால் மாற்று வழி என்ன?" கேட்பது உங்கள் உரிமை, வாழ்க்கையை ஒழுங்குசெய்துகொள்ள இது தெரிந்தாகவேண்டும். பேசி முடித்ததும் "இன்று நாம் பேசியது இதுதான்" என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். சண்டைக்கு ஆதாரமாக இல்லை. ஆறு மாதம் கழித்து இருவருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கவேண்டுமே, அதற்காக. சேரும்போது கொடுத்த சேர்க்கைக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டு உதவி, என்ன நிபந்தனையில் என்று அதில் எழுதியிருக்கலாம்.

உறுதி இல்லை என்று பதில் வந்தால் கற்பித்தல் உதவியாளர் வேலைக்குத் துறையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்த செமஸ்டருக்கான பட்டியலை இந்த செமஸ்டரிலேயே முடித்துவிடுவார்கள். இடைக்காலத்தைத் தாண்டிவிட உதவும் நிதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு. ஃபெலோஷிப்களில் சில முதல் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டியவை, அவை போய்விட்டன. ஆனால் புரபோசல் முடித்தவர்களுக்கென்றே, ஆய்வேடு எழுதும் கடைசி ஆண்டுக்கென்றே தருபவையும் இருக்கின்றன. அந்த வாசல் உங்களுக்கு இனிமேல்தான் திறக்கும். இன்டர்ன்ஷிப் போவதும் ஒரு வழி, பவர் எலக்ட்ரானிக்ஸில் நல்ல வழியும்கூட. போகும் முன் விசா அனுமதி, கைடின் சம்மதம், அங்கே செய்யும் வேலையின் காப்புரிமை யாருக்கு, அதை ஆய்வேட்டில் சேர்க்க முடியுமா என்ற கேள்விகளைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலோசகரிடம் போனால் கைடுக்குத் தெரியுமா

தெரியாது. பெரும்பாலான இடங்களில் பல்கலைக்கழக மனநல மையத்தின் பதிவுகள் மருத்துவப் பதிவுகளைப்போல ரகசியமானவை; உங்கள் படிப்புக் கோப்பில் சேராது. பொதுவாக விதிவிலக்கு சிலவே: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பது, நீதிமன்ற உத்தரவு. முதல் சந்திப்பிலேயே "எதையெல்லாம் யாரிடம் சொல்லுவீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் பதில் சொன்னார்கள், பெரும்பாலோர் பிஎச்டி மாணவர்கள். 41 சதவீதம் பேரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றமும், 39 சதவீதம் பேரிடம் அதே அளவில் மனச்சோர்வும் தெரிந்தன. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எல்லா மாணவர்களும் இதே விகிதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் லேபில் இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பது நிச்சயம் தவறு. இரண்டு மாதம் தூக்கம் கெட்டிருப்பதே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். புரபோசல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால் அன்றே, அந்த நேரமே, அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

ஆனால் ரகசியம் காப்பது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தாது. பேராசிரியர்களும் நிர்வாக ஊழியர்களும் துன்புறுத்தல் போன்றவற்றைக் கேள்விப்பட்டால் மேலே தெரிவிக்கவேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. முறையான புகார் ஆகாமல், பெயர் வெளியே வராமல் யோசனை கேட்க ஆம்புட்ஸ் அலுவலகம் என்று ஒன்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. 1809-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் மக்களின் குறைகேட்க ஏற்படுத்திய 'ஆம்புட்ஸ்மன்' பதவியிலிருந்து வந்த பெயர் அது. கைடோடு பேசுவதற்கு முன் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கக்கூட அங்கே போகலாம்.

கைடை மாற்றுவதா

மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை நான் கடைசியில்தான் வைப்பேன். அவர் உங்களை அவமதித்ததாகவோ உங்கள் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதாகவோ நீங்கள் எழுதவில்லை. 6 வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார் என்பதே குறை. அடிக்கடி பார்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், நிலையான கிழமை என்று கேட்டுப்பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பக்கம் கொண்டுபோங்கள்: செய்தது, சிக்கியது, அவர் முடிவு சொல்லவேண்டியது. மூன்று நான்கு சந்திப்பு நடந்தபிறகு அவரைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறலாம், மாறாமலும் போகலாம். அப்போது எடுக்கும் முடிவுக்கு ஓர் அடிப்படை இருக்கும்.

அதன்பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் ஒருங்கிணைப்பாளர், அடுத்து ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் புதிய கைடு, அப்புறம்தான் இப்போதைய கைடிடம் சொல்வது. லேபில் எடுத்த தரவு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கோ பணம் கொடுத்த நிறுவனத்துக்கோ சொந்தம். அனுமதி இல்லாமல் நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தலைப்பு மாறினால் ஒரு வருடம்கூடப் பின்னால் போகலாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டுப் போவது

'விட்டுவிடுவது' என்று நீங்கள் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. விடுப்பு எடுத்தால் இடம் காத்திருக்கும், பல இடங்களில் படிப்பின் கால வரம்பும் அதுவரை ஓடாமல் நிற்கும். ஆனால் ஸ்டைபெண்டும் காப்பீடும் நின்றுவிடலாம், மாணவர் விசாவில் இருப்பவர் நாட்டைவிட்டுப் போகவேண்டியும் வரலாம். விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டாவது, முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறுவது. பாடங்களையும் தகுதித் தேர்வையும் முடித்தவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இந்த வழியை வைத்திருக்கின்றன. அது கௌரவமான வழி, வேலைக்கும் உதவும். மூன்றாவது, சொல்லாமல் நின்றுவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பதிவு ரத்தாகும், விசா சிக்கலாகும், இத்தனை நாள் உழைப்புக்குக் கையில் ஒரு காகிதமும் மிஞ்சாது.

இதில் எதையும் இந்த மாதம் முடிவுசெய்யவேண்டாம். தூக்கமில்லாத மனசு எல்லா வாசலையும் மூடியதாகவே காட்டும். மருத்துவரைப் பார்த்து, பணம் எதுவரை என்று தெரிந்து, கமிட்டித் தேதி முடிவானபிறகு யோசியுங்கள். அப்போதும் போகத்தான் தோன்றினால் நல்லது, போங்கள். அந்த முடிவை நான் மதிப்பேன்.

நாளைக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல்: "என் புரபோசல் தேதி பற்றியும் அடுத்த ஆண்டு நிதி பற்றியும் பேச இந்த வாரத்தில் இருபது நிமிடம் கிடைக்குமா?" அவ்வளவு போதும். அவருடைய பதில் வந்துவிட்டதா என்று பார்க்கவாவது இன்பாக்ஸைத் திறப்பீர்கள். திறந்தபிறகு என்ன ஆயிற்று என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்